நூறு சிசியும் சாலையோரப் பட்டறையும்

விழுப்புரத்தின் வரலாற்றை எழுதுவோர் அதனை ரயில் சந்திப்பு என்பதிலிருந்து தொடங்குவர். திண்டிவனத்தை எழுதுவோர் பெருஞ்சாலைகள் பிரியும் இடம் என்பதிலிருந்து. இரண்டும் சரியே. 1879-இல் புதுச்சேரிக்கான ரயில் பாதை திறக்கப்பட்டது. இன்று விழுப்புரத்திலிருந்து ஐந்து திசைகளில் தண்டவாளங்கள் பிரிகின்றன. சென்னையிலிருந்து வரும் சாலை திண்டிவனத்தை அடைந்ததும் ஒரு கிளை புதுச்சேரிக்கும், ஒரு கிளை விழுப்புரம் வழியே திருச்சிக்கும், மற்றொரு கிளை செஞ்சி, திருவண்ணாமலை வழியே கிருஷ்ணகிரிக்கும் போகிறது. ஆனால் ரயிலும் விரைவுப் பேருந்தும் மனிதனை ஊரின் வாசலில் இறக்கிவிடுவதோடு சரி. அங்கிருந்து மயிலத்தையும் அவலூர்ப்பேட்டையையும் கண்டமங்கலத்தையும் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு இருக்கும் பத்து, இருபது கிலோமீட்டர் தொலைவை இந்த வட்டாரம் கடந்த நாற்பது ஆண்டுகளாக எதைக் கொண்டு கடந்துவருகிறது? பெரும்பாலும் நூறு சிசி மோட்டார் சைக்கிளைக் கொண்டு.

திண்டிவனத்துக்கான டிஎன் 16, விழுப்புரத்துக்கான டிஎன் 32 என்ற எண்களைத் தாங்கிய வண்டிகளில் இருபது வயதைக் கடந்தவை இன்றும் இச்சாலைகளில் ஓடுகின்றன. பால் கேன், வேர்க்கடலை மூட்டை, பள்ளிப் பிள்ளைகள் மூவர் என்று அவை சுமப்பவை பல. ஒரு எந்திரம் அதனைச் செய்தவர்கள் எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் உழைப்பதற்கு நல்ல வார்ப்பிரும்பு மட்டும் காரணமாகாது. அதனைத் திறந்து பார்க்கத் தெரிந்த கைகள் அருகிலேயே இருக்க வேண்டும். மாற்றுப் பொருள் கிடைக்க வேண்டும். உடைமையாளருக்கு அந்தச் செலவு கட்டுபடியாக வேண்டும். இம்மூன்றும் இந்த வட்டாரத்தில் எவ்வாறு கூடிவந்தன, இப்போது அவற்றில் எது கழன்றுகொண்டிருக்கிறது என்பதையே நாம் இங்கே பார்க்க முயல்கிறோம்.

*

எண்பதுகளுக்கு முன்பு மோட்டார் சைக்கிள் என்பது ஊருக்குச் சிலரிடம் மட்டுமே இருந்த பொருள். 1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட் வந்தது. 1961 முதல் மைசூரில் ஜாவா தயாரானது. பிற்பாடு அதுவே யெஸ்டி ஆயிற்று. ஃபரிதாபாத்தின் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் போலந்து நாட்டு வண்டியொன்றை அடியொற்றி ராஜ்தூத்தைச் செய்தது. காவல்துறை, பெருநிலக்காரர், ஒப்பந்தக்காரர், அரிசி ஆலை உரிமையாளர் என்று அவற்றை வாங்கியவர்களை எளிதில் எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கு மிதிவண்டி. உரிமமுறை நிலவிய அந்நாட்களில் பணம் கையிலிருந்தாலும் ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பழைய வண்டிகளின் பராமரிப்பே வேறு வகையானது. ராஜ்தூத்தின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலுடன் எண்ணெயை அளந்து கலந்து ஊற்ற வேண்டும். கலவையில் எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகிப் போகும். மிகுந்தால் புகைபோக்கிக்குள் கரி படிந்து வண்டி இழுக்காது. சில மாதங்களுக்கு ஒருமுறை சைலன்ஸரைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவது வழக்கமான வேலை. மின்பொறிக்குக் காரணமான பாயிண்ட் எனும் சிறு தொடுமுனையை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்வதை உடைமையாளர்கள் பலரும் தாமே கற்று வைத்திருந்தனர். வழியில் நின்றால் தள்ளிக்கொண்டு போகும் தொலைவில் பட்டறை இருக்கும் என்று அப்போது யாரும் நம்ப முடியாது. ஆகவே அந்தத் தலைமுறையில் வண்டி வைத்திருந்தவர் பாதி மெக்கானிக்காகவும் இருக்க வேண்டியிருந்தது.

ஓசூரில் 1980-இல் வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட்தான் இரு பேர் அமர்ந்து செல்லும் எந்திர வண்டியை ஆசிரியர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் எட்டும் பொருளாக்கியது. அதையடுத்து, நூறு சிசி வரையிலான வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டை அரசு அனுமதித்தபோது, மூன்றாண்டுகளுக்குள் நான்கு ஜப்பானியப் பெயர்கள் நம் சாலைக்கு வந்துவிட்டன. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி. 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டின் இறுதியில் யமாஹா ஆர்எக்ஸ் 100. 1986-இல் கவாசாகி பஜாஜ். இந்த நான்கில் சிடி 100 மட்டுமே நான்கு ஸ்ட்ரோக். மற்ற மூன்றும் இரண்டு ஸ்ட்ரோக். வேகமானவை, இழுவை மிக்கவை, இளைஞர்கள் விரும்பியவை. எனினும் இந்த வட்டாரத்தின் அன்றாடத்தை இறுதியில் வென்றது சிடி 100-உம், 1994-இல் அதன் வழிவந்த ஸ்ப்ளெண்டரும்தாம். லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்ற ஒரே கேள்வி மற்ற எல்லாக் கேள்விகளையும் பின்னுக்குத் தள்ளியது. 1991-இல் தொடங்கி 1996, 2000 ஆண்டுகளில் இறுகிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் மீதி வேலையைச் செய்தன. ஆர்எக்ஸ் 100-இன் உற்பத்தி 1996-இல் நின்றது.

இந்த மாற்றம் நிகழ்ந்த அதே காலத்தில் வட்டாரத்தின் நிர்வாகமும் மாறியது. 1993 செப்டம்பர் 30-ஆம் நாள் தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டத் தலைநகராயிற்று. அதுவரை கடலூருக்குப் போன மனுக்கள் விழுப்புரத்துக்கு வந்தன. மேற்கே கல்வராயன் மலை வரை, 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரையில், இம்மாவட்டம் பரந்து கிடந்தது. அலுவலகம், நீதிமன்றம், மருத்துவமனை, கல்லூரி, ரயில் நிலையத்து வண்டி நிறுத்தம் என்று ஒவ்வொன்றும் நாள்தோறும் மக்களைச் சிற்றூரிலிருந்து வெளியே இழுத்தது. காலையில் நிலைய நிறுத்தத்தில் வண்டியை விட்டுவிட்டுச் சென்னைக்கு ரயிலேறி இரவில் திரும்புவோரின் வாழ்க்கை, அந்த வண்டி இரவு ஒன்பது மணிக்கு ஒரே உதையில் உயிர்பெறுவதைச் சார்ந்திருந்தது.

*

சிடி 100 வந்தபோது அதன் விளம்பரம், பெட்ரோலை நிரப்பி மூடிவிட்டு மறந்துவிடலாம் என்றது. பட்டறைக்காரர்களைப் பொறுத்தவரை அது ஒருவகையில் அச்சுறுத்தும் வாக்கியம். வண்டியை மறந்துவிட முடியுமென்றால் மெக்கானிக் எதற்கு? இரண்டு ஸ்ட்ரோக்கில் பழகிய கைகளுக்கு வால்வும் கேம்ஷாஃப்டும் டைமிங் செயினும் புதியவை. பாயிண்ட் இருந்த இடத்தில் சிடிஐ என்ற மூடிய கறுப்புப் பெட்டி இருந்தது. அதனைத் தேய்க்கவும் முடியாது, திறக்கவும் முடியாது.

ஆனால் நடந்தது வேறு. அந்த எஞ்சின் 1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வழிவந்தது. உலகெங்கும் தபால்காரர்களும் உணவகப் பையன்களும் ஓட்டுவதற்கென்று எண்ணிச் செய்யப்பட்ட குடும்பம் அது. சிலிண்டர் படுக்கையாக இருப்பதால் டேப்பட் மூடிகள் இரண்டையும் எட்டித் திறப்பது எளிது. எண்ணெயை வடிகட்டக் காகிதச் சுருள் கிடையாது. சுழலும் கிண்ணமொன்று மையவிலக்கு விசையால் கசடை ஓரத்தில் ஒதுக்கும். அதனைத் திறந்து துடைத்துவிட்டு மீண்டும் மூடலாம். எஞ்சினுக்குள் இருப்பதோ ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய். மறந்துவிடலாம் என்று விற்கப்பட்ட வண்டி, உண்மையில் திறந்து பார்க்க மிக வசதியான வண்டியாக இருந்தது. நம் பட்டறைகள் சில ஆண்டுகளிலேயே அதனைப் பாடமாகப் படித்துவிட்டன. சிடிஐ பெட்டியைத் திறக்க முடியாவிட்டாலும், நல்ல பெட்டி ஒன்றை மாட்டிப் பார்த்துப் பழுது அதிலா காயிலிலா என்று கண்டுகொள்ளும் முறை பழக்கத்துக்கு வந்தது.

படிப்பது என்ற சொல்லை நாம் உவமையாகச் சொல்லவில்லை. கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் முனை பழுப்பு நிறத்திலிருந்தால் எரிதல் சரி. கறுத்து மசியாக இருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது எண்ணெய் மேலேறுகிறது. வெளுத்திருந்தால் காற்று மிகுதி, எஞ்சின் சுடுகிறது. புகை நீலமாக வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது வால்வுத் தண்டின் சீல் போயிருக்கிறது. கறுப்பாக வந்தால் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். டேப்பட்டின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அளவுத்தகடு வைத்துப் பார்ப்பதே முறை. ஆனால் தேர்ந்த கை, ராக்கரை விரலால் அசைத்தே அதனைச் சொல்லிவிடும். டேப்பட் சற்றுச் சத்தமிட்டால் உடைமையாளர் பதறுவார், மெக்கானிக் பதறமாட்டார். இடைவெளியே இல்லாமல் அமைதியாக ஓடும் வால்வுதான் முழுதாக மூடாமல் எரிந்து போகும் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு சிலிண்டரின் ஆயுளை அளக்கவும் இந்தப் பட்டறைகளில் ஒரு கணக்கு உண்டு. ஸ்ப்ளெண்டர் எஞ்சினின் துளை 50 மில்லிமீட்டர். அது தேய்ந்ததும் லேத்தில் கொடுத்துக் கால் மில்லிமீட்டர் அகலமாகக் குடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனைப் போடுவார்கள். அடுத்த முறை அரை, பிறகு முக்கால், பிறகு ஒன்று. நான்கு முறை மறுபிறப்பு. அதன் பின்னரும் விட மனமில்லாவிட்டால் உள்ளே புதிய ஸ்லீவ் இறக்கி முதலிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு கால் மில்லிமீட்டரும் ஒரு குடும்பத்துக்குப் பல ஆண்டு ஓட்டம். பிள்ளையின் பள்ளிப் பருவத்தில் வாங்கிய வண்டி அவன் கல்லூரிக்குப் போகும் வண்டியாக மாறியது இந்தக் கணக்கால்தான்.

இதற்கு வேண்டிய பொருள்களும் தொலைவில் இல்லை. மோட்டார் உதிரித் தொழிலில் தமிழகம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. பிஸ்டனுக்குச் சென்னை செம்பியத்தின் இந்தியா பிஸ்டன்ஸ். செயினுக்கு அம்பத்தூரும் கோவையும். டயருக்குத் திருவொற்றியூரில் பிறந்த எம்ஆர்எஃப். மிகுனி கார்புரேட்டருக்குச் சென்னையில் 1985-இல் தொடங்கப்பட்ட யுகால். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரிகளும், புதுப்பேட்டையில் பிரித்தெடுத்த பழைய உதிரிகளும் கிடைத்தன. திண்டிவனத்திலிருந்து காலைப் பேருந்தில் ஏறினால் மாலைக்குள் கிராங்க் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிவிடலாம். தொழிற்சாலைக்கும் புளியமர நிழலுக்கும் இடையே நூற்றிருபது, நூற்றைம்பது கிலோமீட்டர்தான் என்பது பிற மாநிலத்துச் சிற்றூர்கள் பலவற்றுக்கு வாய்க்காத வசதி.

புளியமரம் என்று இங்கே அழகுக்காகச் சொல்லவில்லை. திண்டிவனம் என்ற பெயரையே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதிலிருந்து பிரித்துக் காட்டுவர். கூரைக்கு வாடகை கொடுக்க இயலாத பட்டறைகள் பலவும் சாலையோர மரங்களின் கீழேதான் தொடங்கின: ஒரு மரப்பெட்டி, நான்கு ஸ்பேனர், காற்றடிக்கும் பம்பு, கழுவுவதற்கு ஒரு தட்டில் பெட்ரோல்.

*

பராமரிப்பு என்பதும் ஊருக்கு ஊர் மாறும். கையேட்டில் அச்சிட்ட கிலோமீட்டர் கணக்கு எந்த ஊரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. இந்த வட்டாரத்தின் செம்மண் சாலைகளில் ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைபடும். அடைபட்டால் எஞ்சின் காற்றுக்குத் திணறிப் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். மரக்காணத்து உப்பளப் பகுதிகளில் ஓடும் வண்டிகளுக்குத் துருவே முதல் எதிரி. ஸ்போக்கும் சைலன்ஸரும் செயினும் உள்நாட்டு வண்டிகளைவிட முந்திப் போகும். கரும்பும் மூட்டையும் ஏற்றும் வண்டிகளில் பின்பக்க ஷாக் அப்சார்பரும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும் தேய்கின்றன. நான்கு வழியாக விரிந்த திண்டிவனம்–விழுப்புரம் சாலையோ வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. நாற்பது, ஐம்பது வேகத்தில் ஊருக்குள் ஓடுவதற்கென்று செய்த எஞ்சினை முழு முறுக்கில் தொடர்ந்து முக்கால் மணி நேரம் ஓட்டுவது பழக்கமாயிற்று. டிரம் பிரேக்கை மட்டும் நம்பி அந்தச் சாலையில் லாரிகளுக்கிடையே போவது எந்தப் பட்டறையாலும் பழுதுநீக்க இயலாத ஆபத்து.

பழைய வண்டி வைத்திருப்போர் அறிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. எண்ணெயை நாள் தவறாமல் மாற்றுவது முதலாவது. மற்ற எல்லாக் கவனமும் அதற்கு அடுத்ததே. செயினில் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் தொய்வு இருக்க வேண்டும். இறுக்கிவிட்டால் பேரிங் கெடும், தளர்ந்தால் பல்சக்கரம் தேயும். செயினை மட்டும் மாற்றிப் பல்சக்கரங்களை விட்டுவைப்பது மிச்சமன்று. பழைய பல் புதிய செயினைத் தின்றுவிடும். கிளட்ச் கம்பியில் சிறிது தளர்வு, டயரில் வாரம் ஒருமுறை காற்று, பிரேக் ஷூ தேயுமுன் மாற்றம். இவற்றைச் செய்தவர்களின் வண்டிகளே இன்றும் சாலையில் இருக்கின்றன.

1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்ற நூலை நம் வாசகர்களில் பலர் அறிந்திருப்பர். அதில் கதைசொல்லி தன் பழைய வண்டியைத் தானே பராமரிப்பவர். உடன் வரும் நண்பரோ விலையுயர்ந்த பிஎம்டபிள்யூ வைத்திருந்தும் அதனைத் தொட விரும்பாதவர். தளர்ந்த கைப்பிடிக்குள் பீர் கேனிலிருந்து வெட்டிய தகட்டைச் செருகலாம் என்று கதைசொல்லி யோசனை கூற, அது தன் வண்டிக்கு இழுக்கு என்பதுபோல் நண்பர் மறுத்துவிடுகிறார். விழுப்புரத்தில் இந்த விவாதத்துக்கே இடமிருக்காது. அட்டையில் கேஸ்கெட் வெட்டுவதும், டியூப் ரப்பரை வாஷராக்குவதும் இங்கே தத்துவமாவதற்கு முன்பே தொழில்முறை ஆகிவிட்டவை. அந்த நூலில் பராமரிப்பு தனி மனிதன் தன்னோடு நடத்தும் உரையாடல். நம்மிடம் அது இருவருக்கிடையே உள்ள உறவு. வண்டிக்காரர் ‘அண்ணே, ஒரு மாதிரி சத்தம் வருது’ என்பார். ‘விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் பார்த்துக்கலாம்’ என்று மறுமொழி வரும். கூலியில் பாதி இப்போது, மீதி அறுவடைக்குப் பின். உற்பத்தியாளரின் உத்தரவாதச் சீட்டு காலாவதியான பிறகும் இருபது ஆண்டுகள் செல்லுபடியாவது இந்த வாய்மொழி உத்தரவாதம்தான்.

இந்த வரலாற்றில் பெருமைப்பட முடியாத பக்கமும் உண்டு. அறிவு கைமாறிய வழி பெரும்பாலும் பள்ளியை விட்டு வந்த சிறுவர்கள் வழியாகவே அமைந்தது. பத்து, பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கவும் தேநீர் வாங்கி வரவும் சேர்ந்த பையன், பஞ்சர், செயின், கிளட்ச், கடைசியாக எஞ்சின் என்று படிப்படியாக ஏறினான். தொடக்க ஆண்டுகளில் கூலி என்பது சாப்பாடும் பேருந்துக் காசும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்துவதைத் தடுக்கும் திருத்தம் 2016-இல்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறையே பட்டறைகளில் வளர்ந்துவிட்டது. பெட்ரோலில் கை கழுவிக் கழுவி வெடித்த தோல், கல்நார் கலந்த பழைய பிரேக் லைனிங்கின் தூசியை வாயால் ஊதிய நுரையீரல் ஆகியவற்றை எவரும் கணக்கெடுக்கவில்லை. மலிவான பழுதுநீக்கம் என்று நாம் மெச்சுவதன் விலையில் ஒரு பகுதியை அந்தச் சிறுவர்கள் செலுத்தினர். அவர்களில் பலர் இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள். தம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரக்கூடாது என்பதில் உறுதியாகவும் இருக்கிறார்கள். அந்த உறுதியில் நியாயம் இருக்கிறது.

*

2020 ஏப்ரல் முதல் நாள் பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்தது. அதனோடு, அன்றாட வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரின் காலம் முடிந்தது. பெட்ரோலை இனி ஊசித்துளை வழியே மின்னணுக் கட்டுப்பாட்டகம் அளந்து தெளிக்கும். உணரிகள் வெப்பத்தையும் காற்றையும் ஆக்சிஜனையும் சொல்லும். புகை குறைந்தது, அது நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கு நல்லது. இதில் ஐயமில்லை. ஆனால் பட்டறையின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்துக்குப் பழுது போய்விட்டது. விளக்கு எரிகிறது, எதற்காக எரிகிறது என்பதை அறிய ஸ்கேனர் வேண்டும், ஸ்கேனர் சொல்லும் குறியீட்டுக்குப் பொருள் தெரிய வேண்டும், சில வேலைகளுக்கு நிறுவனத்தின் மென்பொருளே வேண்டும்.

பழைய வண்டிகளின் பக்கமும் நிலைமை எளிதாக இல்லை. பதிவுச் சான்று பதினைந்து ஆண்டுகளுக்கு. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2000 என்று அறிவிக்கப்பட்டது. பெட்ரோலும் மாறிவிட்டது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் சில நிலையங்களில் தொடங்கி, 2025-இல் நாடெங்கும் பரவியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும்; அதற்கெனச் செய்யப்படாத பழைய ரப்பர் வளையங்களையும் குழாய்களையும் நாளடைவில் கெடுக்கும். புதிய வண்டியின் உணரி கலவை மாறியதை அறிந்து தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டரின் ஜெட்டுக்கு அந்த அறிவு இல்லை. கலவையில் காற்று மிகுந்து எஞ்சின் சற்றே சுடும். வண்டியைப் பல வாரம் நிறுத்தி வைப்பவர்கள் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுவதும், பெட்ரோல் குழாயை அவ்வப்போது சோதிப்பதும் இன்றைய தேவைகள்.

பழுதுநீக்கும் அறிவு எதற்காக ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை 2024-இன் இறுதி காட்டியது. நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் மயிலத்தில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தென்பெண்ணை பெருகி விழுப்புரம் மாவட்டத்தின் சாலைகளையும் தெருக்களையும் மூழ்கடித்தது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் நெல்லுக்கும் ஆடுமாட்டுக்கும் அடுத்தபடி ஒரு வீடு இழப்பது வாசலில் நின்ற வண்டியைத்தான். நீரில் முழுகிய வண்டியை உதைத்துப் பார்ப்பதே முதல் தவறு. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் பிஸ்டன் அதனை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்து போகும். பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். பால் கலந்த காப்பியின் நிறத்துக்கு மாறிய எஞ்சின் எண்ணெயை வடித்து, புதிய எண்ணெய் ஊற்றிச் சிறிது ஓட்டி, அதனையும் வடிக்க வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தின் திருகைத் திறந்து வடித்து, ஏர் ஃபில்டரையும் பிரேக் டிரம்மையும் காயவைக்க வேண்டும். பழைய நூறு சிசிக்கு இது பெரும்பாலும் ஒரு நாள் வேலை. மின்னணுப் பெட்டிக்குள்ளும் இணைப்பு முனைகளுக்குள்ளும் சேற்று நீர் புகுந்த புதிய வண்டிக்கு, பாகம் வரும் வரை காத்திருக்க நேரலாம். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு அந்தக் காத்திருப்பு முழுவதும் வருமானமற்ற நாள்கள்.

*

இதிலிருந்து பழையதே நன்று என்ற முடிவுக்கு வர நாம் விரும்பவில்லை. 1985-இன் நான்கு ஸ்ட்ரோக்கும் அந்நாளில் மூடிய பெட்டியாகத்தான் வந்தது. அதனைத் திறந்து படித்து, நான்கு கால் மில்லிமீட்டர்களாக அதன் ஆயுளை நீட்டியவர்கள் இந்த மரத்தடிக்காரர்களே. இன்றைய பெட்டியையும் அவர்களால் படிக்க முடியும். வேறுபாடு ஒன்றுதான். அன்றைய பெட்டிக்கு ஸ்பேனரும் பொறுமையும் போதுமாயிருந்தன. கற்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்று பழுதின் குறியீட்டையும் அதைப் படிக்கும் கருவியையும் வெளியே தருவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் இடத்தில் உற்பத்தியாளர் இருக்கிறார்.

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. உதிரிகளையும் பழுதறியும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தனர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது. அவ்வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றது. 2022-இல் நுகர்வோர் நலத்துறை பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையவாயிலும் தொடங்கப்பட்டது. இவை தில்லியில் நடப்பவை. திண்டிவனத்துப் பட்டறைக்கு அவற்றின் பொருள் மிக எளியது: கையேடு தமிழில் கிடைக்குமா, ஸ்கேனர் வாங்கும் விலையில் இருக்குமா, தொழிற்பயிற்சி நிலையத்தில் மாலை வகுப்பு ஒன்று நடக்குமா?

அந்தக் கேள்விகளுக்கு ஆம் என்ற விடை வந்தால், பள்ளியை விட்டு ஓடிவந்த சிறுவன் வழியாக அல்லாமல், படித்து முடித்து வரும் இளைஞன், இளம்பெண் வழியாகவும் இந்த அறிவு அடுத்த தலைமுறைக்குப் போகலாம். இல்லை என்றே தொடர்ந்தால், இப்போதைய முதிய மெக்கானிக்குகள் ஓய்வுபெறும் நாளில் இச்சாலைகளின் பழைய வண்டிகளும் அவர்களோடு நின்றுவிடும். புதியவை உத்தரவாதம் முடிந்த மறுநாளே பழையவை ஆகிவிடும். மயிலத்திலிருந்து விழுப்புரம் நிலையத்துக்கு விடியற்காலையில் வண்டியெடுக்கும் மனிதருக்கு, அந்த மாற்றம் மாதச் செலவில் இன்னொரு தவணையாகவே வந்து சேரும்.